நலம் விசாரிக்கிறவர்

"உங்க அம்மாவுக்குக் கால் வீக்கம் வத்திடுச்சுங்களா?"

அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். என் அம்மாவை அவர் பார்த்ததே கிடையாது. எங்கள் வீடு எந்தத் தெரு என்பதுகூட அவருக்குத் தெரியாது. பழுதான போனைக் கொடுத்துவிட்டுப் போய், அதைத் திரும்ப வாங்க வந்திருந்தேன், அவ்வளவுதான்.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் கம்பெனி ஒன்றில் அப்போது நான் கம்ப்யூட்டரில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் வார்ப்புக் கூடத்துக்கு யாரையோ கூப்பிடப் போன இடத்தில், கையிலிருந்த போனை மண் கரைசல் தொட்டிக்குள் நழுவவிட்டேன். சிங்கப்பூரில் இருந்த அண்ணன் அனுப்பிய ஸ்மார்ட்போன். பெரிய திரையும் கேமராவும் இருந்த போனை அப்போது ஊரில் விரல்விட்டு எண்ணிவிடலாம். அது வெள்ளைக் கூழில் முங்கி எழுந்ததைப் பார்த்த வார்ப்புக் கூடத்துப் பெண்கள் எல்லாரும் ஒரே ஆளைத்தான் சொன்னார்கள். "ஜங்ஷன் ரோட்டுக்காரருகிட்ட குடு. உள்ள இருக்கறத எல்லாம் எடுத்துக் குடுத்துடுவாரு."

எடுத்துத்தான் கொடுத்தார். எடுத்ததையெல்லாம் பார்த்தும் இருந்தார். டாக்டரிடம் காட்டுவதற்காக அம்மாவின் வீங்கிய காலைப் படம் எடுத்து வைத்திருந்தேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறார். அந்த போனில் வேறு என்னவெல்லாம் இருந்தது என்று மனசுக்குள் வேகமாக ஓட்டிப் பார்த்தேன். கண்ணாடி முன்னால் புதுப் புடவை கட்டிப் பார்த்தது, தலைக்குக் குளித்துவிட்டு வந்தபோது தங்கை விளையாட்டாக எடுத்தது. சர்வீஸ் கடைகளில் பெண்களின் படங்களைப் பிரதி எடுத்து வைத்துக்கொள்கிறார்கள் என்ற பேச்சு ஊர் முழுக்க இருந்த காலம் அது.

"நீங்க ஏன் பாத்தீங்க?" என்றேன்.

"படம் சரியா வந்துருக்குதான்னு பாக்கணும்லம்மா. பாத்தேன். பாத்துட்டு எப்படிக் கேக்காம இருக்கறது? ரோட்டுல ஒருத்தங்க கால் வீங்கிப் போய் நடந்தா என்னாச்சுன்னு கேக்க மாட்டமா?"

இளிப்பு இல்லை, மழுப்பல் இல்லை. பதில் வராமல் போனைத் தரமாட்டாரோ என்று நினைக்கும்படி கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். வற்றிவிட்டது என்று சொன்னேன். "மருந்த மட்டும் நிறுத்திடாதீங்க" என்று சொல்லிக் கொடுத்தார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யாரோ என் வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

நாற்பதைத் தாண்டிய ஒல்லியான ஆள். ஒரு ஜெராக்ஸ் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில் அவர் கடை. வாட்ச் ரிப்பேர்காரர்கள் கண்ணில் செருகிக்கொள்ளும் லென்ஸ் ஒன்று எப்போதும் நெற்றிமேல் ஏறி உட்கார்ந்திருக்கும். போனைத் திறப்பதற்கு முன்னால், குழந்தையின் கண்ணில் விழுந்த தூசியை ஊதுகிற மாதிரி மெதுவாக ஒரு ஊது ஊதுவார். எங்கள் ஊர் போன்கள் எல்லாவற்றிலும் வெள்ளை மண்தூள் ஏறியிருக்கும். நனைந்த போனைக் காயவைக்க அவரிடம் ஒரு பிளாஸ்டர் அச்சு இருந்தது. ஏதோ கம்பெனியில் விளிம்பு உடைந்ததென்று கழித்துப்போட்ட பிள்ளையார் அச்சு. கரைசலில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சிப் பொம்மையை இறுக வைப்பதுதான் அந்த அச்சின் வேலை. போனில் இருக்கும் தண்ணீரை மட்டும் வேண்டாம் என்றா சொல்லும்? போனைத் துணியில் சுற்றிக் குழிக்குள் வைத்து, அச்சின் இரண்டு பாதியையும் சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டிவிடுவார். "பிள்ளையாரு வயித்துல போட்டுருக்கேன், நாளான்னைக்கு வாங்க" என்பார். சில சமயம் பலிக்கும், பல சமயம் பலிக்காது. பெரிய நிபுணர் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். நல்ல போனையே கெடுத்துவிட்டுத் திட்டு வாங்கியதும் உண்டு.

ஆனால் வந்தது எந்த போனாக இருந்தாலும் விசாரணை உண்டு. வேப்பூரிலிருந்து வரும் லாரிக்காரரிடம், "ஸ்ரீமுஷ்ணத்துல பாப்பாவுக்கு மொட்டை போட்டீங்களே, முடி வளந்துடுச்சா?" என்பார். நல்லூர்ப் பக்கத்து விவசாயி ஒருவரிடம், "போர்ல தண்ணி வந்துச்சுங்களா?" என்று கேட்டுவைக்க, அந்த மனிதர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, வற்றிப்போன கதையை எல்லாம் கொட்டிவிட்டுப் போனார். கூடப் பிறந்தவர்கள் கேட்காததை இவர் கேட்டார். இவருடைய வீட்டில் யார் இருக்கிறார்கள், யாராவது இருக்கிறார்களா என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. அவருடைய சொந்த போன் கறுப்பு வெள்ளைத் திரை போட்ட பழைய பட்டன் போன். அதில் படம் எடுக்க முடியாது.

எனக்கு அவரைக் கண்டால் பயம் விடவே இல்லை. அந்தக் கடை வந்தால் எதிர்ச் சாரிக்கு மாறிவிடுவேன். வளர்மதிதான் என்னைக் கேலி செய்வாள். எங்கள் கம்பெனியில் பொம்மைகளுக்குக் கண் எழுதும் பெண் அவள். மதியச் சாப்பாட்டை நானும் அவளும் சேர்ந்துதான் சாப்பிடுவோம்.

"கடைக்காரன் எல்லாருந்தான்டி பாக்கறான். பாத்துட்டுக் கேக்கறவருகிட்ட என்னா பயம்? பாத்துட்டுக் கம்முனு இருக்கான் பாரு, அவன்கிட்டதான் பயப்படணும்" என்பாள்.

வளர்மதியிடம் வீட்டுக்குத் தெரியாமல் ஒரு போன் இருந்தது. அவள் விரும்பிய பையன் வாங்கிக் கொடுத்தது. என்னுடையதைப் போலவே பெரிய திரை போட்ட போன். அவன் இன்னொரு கம்பெனியில் சூளை வேலை பார்த்தான். அவன் காலனிப் பையன். எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. வளர்மதியின் தாய்மாமன் அவளைத் தன் மகனுக்குக் கட்டிவைப்பதாக எப்போதோ முடிவு செய்துவிட்டவர். அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். அவள் அப்பா எதிர்த்துப் பேசாத மனிதர்.

ஒருநாள் புருவத்துக்கு மேலே தையலோடு வேலைக்கு வந்தாள். பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்று எல்லாரிடமும் சொன்னாள். மாமா அடித்தார் என்று என்னிடம் மட்டும் சொன்னாள். யாரோ ஏதோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். போனைக் கண்ணாடியாக வைத்து அந்தத் தையலை அவளே படமும் எடுத்து வைத்திருந்தாள். அதற்கப்புறம் இருவரும் சேர்ந்துதான் வழி யோசித்தோம். தையல் பிரிக்கும் நாளில் ஆஸ்பத்திரிக்கு வருவாள். அங்கிருந்து பின்கேட் வழியாகப் போய்விட வேண்டும். வேப்பூர் கூட்ரோட்டில் பையன் நிற்பான். அங்கே பஸ் மாற வேண்டும். போய்ச் சேர வேண்டிய இடம் என் கல்லூரித் தோழியின் வீடு. அந்த ஊரின் பெயரை இன்றைக்கும் எழுதப் போவதில்லை. இத்தனையையும் நான்தான் அவளுக்கு ஒவ்வொன்றாக மெசேஜ் அனுப்பினேன், தோழியின் முகவரி உட்பட.

கிளம்புவதற்கு முந்தின நாள் போன் பிடிபட்டது. மாமா அதைப் பிடுங்கித் துவைக்கிற கல்லில் அடித்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் பொறுமைகூட அவருக்கு இல்லை. மறுநாள் அம்மா துணையோடு வளர்மதி ஆஸ்பத்திரிக்குப் போனாள். அம்மா சீட்டு வாங்க வரிசையில் நின்றபோது, தையலைப் பிரிக்காமலேயே பின்பக்கமாகப் போய்விட்டாள். தான் கல்லில் அடித்தது என்ன என்பது அதற்கப்புறம்தான் மாமாவுக்கு உறைத்தது.

வளர்மதியின் அப்பாவும் மாமாவும் கம்பெனிக்கு வந்து என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

"உனக்கு ஒண்ணுமே தெரியாதா பாப்பா?"

"தெரியாதுங்க."

"தெரிஞ்சா சொல்லிடும்மா. கூப்ட்டு வந்து நல்லபடியா வெச்சிக்கத்தான் கேக்கறோம்" என்றார் மாமா. அவ்வளவு மென்மையாக அவர் பேசி நான் கேட்டதில்லை. அப்படி நல்லபடியாக வைத்துக்கொள்ளக் கூட்டிவரப்பட்ட பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். என் போனில் இருந்த மெசேஜ்களை உடனே அழித்தேன். அழித்ததையும் எடுத்துக் கொடுக்கிற ஆள் ஊரில் இருக்கும்போது அழித்து என்ன பயன்?

உடைந்த போனை அவரிடம்தான் கொண்டுபோகிறார்கள் என்று கம்பெனியில் பேச்சு வந்ததும், தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். போய் என்ன செய்யப் போகிறேன் என்ற யோசனையே இல்லை. நான் போனபோது இருவரும் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தார்கள். திரும்பினால் சந்தேகம் வரும். "ரீசார்ஜ் பண்ணணும்" என்றேன்.

"உக்காருங்கம்மா, ஒரு நிமிசம்" என்றார் அவர்.

நொறுங்கிய திரையைக் கழற்றிவிட்டு வேறொரு போனின் திரையை அதில் பொருத்திக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் வந்தது. படம் பார்க்கும்போது அவர் முகத்தில் எல்லாமே தெரியும். குழந்தை வந்தால் சிரிப்பார், கல்யாணம் வந்தால் தலையாட்டுவார். அன்றைக்கு உச்சுக் கொட்டினார். தையல் படம் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அப்புறம் நெடுநேரம் படித்தார். மெசேஜ் ஒவ்வொன்றிலும் என் பெயர் இருக்கும். துப்பட்டாவின் நுனியைக் கையில் சுற்றி இறுக்கிக்கொண்டேன்.

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். வாய் திறந்தது. என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தையல் பிரிச்சாச்சாம்மா? அதுதான் வரும். அவரால் வேறு என்ன கேட்க முடியும்? கடவுளே கடவுளே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வாய் மூடிக்கொண்டது.

"எதுவும் வரலிங்க" என்றார் மாமாவிடம்.

"வெளிச்சம் வருதே?"

"வூட்ல லைட்டு எரியுதுங்க. உள்ள ஆளு இல்ல."

"அப்ப குடு. கடலூருல காட்டிப் பாக்கறோம்" என்று மாமா கையை நீட்டினார். கடைக்காரர் போனைக் கொடுக்கவில்லை.

"ஒரு வழி இருக்குதுங்க. உள்ள ஒரு தரம் முழுசாக் கழுவி எடுத்தா பழசு மேல வந்தாலும் வரும். ஒரேயடியாப் போனாலும் போயிடும். உங்க இஷ்டம்."

அதுவரை பேசாமல் இருந்த அப்பா, "செய்யிப்பா. எம் பொண்ணு எங்க இருக்குதுன்னு தெரியணும்" என்றார். அவர் கண் சிவந்து கிடந்தது. அந்த நேரத்திலும் அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

கடைக்காரர் ஏதோ எண்களை அழுத்தினார். "ஆமாவா இல்லையான்னு கேக்குது. ஆமா போடட்டுங்களா?"

"போடு" என்றார் மாமா.

போட்டார். திரை அணைந்து, கொஞ்சம் பொறுத்து மறுபடி எரிந்தது. போனை அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். படம் இல்லை, மெசேஜ் இல்லை, கடையில் இன்றைக்கு வாங்கினது போலத் துடைத்துக் கிடந்தது. மாமா போனைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தார்.

"எதப் பாத்தாலும் கேட்டுடற ஆளாச்சே நீ. இதுல எதையாச்சும் பாத்திருந்தா உன் வாயில நிக்காது."

"ஆமாங்க, நிக்காது" என்றார்.

அதற்கப்புறம்தான் எனக்கு உண்மையான பயமே ஆரம்பித்தது. மாமா தினமும் அந்தக் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார ஆரம்பித்தார். டீ குடிப்பார், பேப்பர் படிப்பார், யாரிடம் அவர் என்ன கேட்கிறார் என்று காது கொடுப்பார். ரோட்டில் என்னைக் கண்டால், "வா பாப்பா, நெழல்ல உக்காந்துட்டுப் போ" என்பார். போகாமல் இருக்க முடியாது. உட்காருவேன். "அம்மா கால் எப்டி இருக்குதும்மா?" என்பார் கடைக்காரர். நல்லா இருக்குது என்பேன். அடுத்த கேள்வி அவர் நாக்கு நுனியில் நிற்பது எனக்குத் தெரியும். மாமாவும் அதற்குத்தான் காத்திருந்தார். அந்த நாட்களில் மாமாவைவிட அவரைக் கண்டுதான் அதிகம் பயந்தேன். பழக்கம் என்பது ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் வாயைத் திறந்துவிடும். அவள் போன ஊரின் பெயர் அந்த வாய்க்குள்தான் இருந்தது.

ஒரு சாயங்காலம் நான் அங்கே அப்படி உட்கார்ந்திருந்தபோது இரும்புக்கடைக்காரர் ஒருவர் மனைவியோடு வந்தார். அடிக்கடி வருகிற ஆள்தான். போன்கடைக்காரர் அவருடைய போனைக் கொடுத்துக்கொண்டே, தெருவுக்கே கேட்கிற குரலில், "அந்த நீலப் புடவை அக்கா ஊருக்குப் போயிட்டாங்களாண்ணே?" என்றார்.

இரும்புக்கடைக்காரர் ஓங்கி அறைந்தார். நெற்றி லென்ஸ் எகிறி எங்கோ போனது. கண்ணாடிப் பெட்டி நொறுங்கியது. அந்த அம்மா இறங்கி நடந்தார், கணவர் பின்னாலேயே ஓடினார். ஜெராக்ஸ் கடை, டீக்கடை, எல்லாரும் கூடிவிட்டார்கள். இவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "இந்த வாயால பட்டது போதும். சத்தியமா இனிமே யாரையும் எதுவும் கேக்க மாட்டேன்" என்றார். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வேண்டியதுதான் என்று எனக்கும் தோன்றியது. பாதி வழி போன பிறகுதான் வேறொன்று ஞாபகம் வந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்னால், நனைந்த என் போனைக் கொடுக்கப் போன அன்றைக்கு, அதே இரும்புக்கடைக்காரர் தனியாக வந்திருந்தபோது, இவர் கவுண்டரில் குனிந்து மெல்லிய குரலில், "அந்த அக்காவுக்குக் காய்ச்சல் விட்டுச்சாண்ணே?" என்று கேட்டதை என் காதால் கேட்டிருக்கிறேன். எதை யார் எதிரில் கேட்கலாம், எதை யார் எதிரில் கேட்கக் கூடாது என்பது அந்த மனிதருக்கு எப்போதுமே தெரிந்திருந்தது. நான் ரோட்டிலேயே நின்றுவிட்டேன். சும்மா கேட்பதை நிறுத்தியிருந்தால் மாமாவுக்குச் சந்தேகம் வந்திருக்கும். ஊர் பார்க்க அறை வாங்கிவிட்டு நிறுத்தினால் யாருக்கும் வராது. அந்த இரும்புக்கடை அம்மாவின் வீட்டில் பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. வளர்மதி உயிரோடு இருப்பதற்கு அந்த அம்மா எதைக் கொடுத்தார் என்பது அவருக்கே தெரியாது. இது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

சொன்னபடியே அதன்பிறகு அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. படங்களை எடுத்ததும் திரையை வந்தவர் பக்கம் திருப்பி, "நீங்களே பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வேறெங்கோ பார்ப்பார். வேப்பூர் லாரிக்காரர் பாப்பாவின் புதுப் படத்தோடு, ஏதாவது கேட்பாரா என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போவார். என் அம்மாவையே ஒருநாள் ரீசார்ஜுக்காகக் கடைக்குக் கூட்டிப்போயிருந்தேன். திரும்பும்போது அம்மா, "ஏன்டி, அந்தத் தம்பி எங்காலப் பத்தி விசாரிக்கும்னியே, ஒரு வார்த்த கேக்கல. நான் எதுனா தப்பா நடந்துகிட்டனா?" என்று மனம் நொந்துபோனாள். மாமா வருவது குறைந்தது. ஆனால் நிற்கவில்லை.

அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம் முடிவாகி ஊரை விட்டுக் கிளம்ப வேண்டியிருந்தது. வளர்மதியைப் பற்றித் தோழி மூலமாக நல்ல சேதிகள் வந்திருந்தன. யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த அதை அவர் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று தோன்றியது. மத்தியான வெயிலில் ரோட்டில் ஆளே இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். தனியாகத்தான் இருந்தார்.

"அண்ணே, வளர்மதி..." என்று ஆரம்பித்தேன்.

கையை உயர்த்தித் தடுத்தார். "சொல்லாதீங்கம்மா."

"யாரும் இல்லண்ணே."

"அதுக்கில்ல. எப்பிடி இருக்காங்களோன்னு ஒரே ஒரு கேள்விதான் இப்ப உள்ள கெடக்குது. அத அமுக்கி வெச்சிகிட்டேன். நீங்க ஒண்ணு சொன்னீங்கன்னா, அதுல இருந்து இன்னொண்ணு கேக்கத் தோணும். அப்பறம் இன்னொண்ணு. அவங்க மாமா இன்னமும் வந்து உக்காருறாரும்மா. எனக்குத் தெரிஞ்சா நான் கேட்டுடுவேன்."

பேசும்போதே அவர் கண் அந்தக் காலி ஸ்டூலுக்கும் ரோட்டுக்கும் போய்ப் போய் வந்தது. இத்தனை நாளும் பயந்தது நான் மட்டும் இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

"நான் போயிட்டு வரேண்ணே" என்றேன்.

"சரிம்மா" என்றார். எந்த ஊருக்கு என்று கேட்கவில்லை.